பள்ளி ஆண்டுவிழாவை மீண்டும் மேடையில் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தமிழ்வழி மாணவர்களின் பெற்றோர்,
தொண்ணூறடி சாலை வட்டாரம்,
தாராவி, மும்பை 400017.

பெறுநர்
கல்வி அதிகாரி அவர்கள்,
மாநகராட்சிக் கல்வித் துறை,
மும்பை.

பொருள்: பள்ளி ஆண்டுவிழாவை வீடியோவாக அல்லாமல் முன்போல மேடையில் நடத்த அனுமதியும் உதவியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கையெழுத்துப் போடும் தாய்மார்கள் எதற்குப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதால் மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். மராத்தி மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்துள்ளோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்படும்வரை எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் ஜனவரிதோறும் ஆண்டுவிழா நடந்துவந்தது. இந்த ஊர் வழக்கப்படி நாங்களும் அதை 'கேதரிங்' என்றுதான் சொல்வோம். மராத்திப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் விழாவும் ஒன்றாகவே நடக்கும். அவர்கள் லேசிம் ஆடிவிட்டு இறங்கினால், எங்கள் பிள்ளைகள் வில்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். எங்களில் பலர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். வில்லுப்பாட்டு இல்லாத கேதரிங்கை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது.

ஊரடங்கின்போது பள்ளி செய்த மாற்று ஏற்பாட்டை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளை வீட்டில் பாடும், அம்மா போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், டீச்சர் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே வீடியோவாக்குவார். பாவம், ராத்திரி கண்விழித்துத்தான் செய்திருப்பார். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் மாநிலத்தில் கொரோனா கட்டுப்பாடுகள் எல்லாம் விலக்கப்பட்ட பிறகும் வீடியோ மட்டும் விலகவில்லை. செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை என்று அதுவே வழக்கமாகிவிட்டது.

வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் ஓர் அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். அந்த 'ஆமா' சரியான நேரத்தில் விழுவதில்தான் பாட்டே இருக்கிறது. போன முறை மூன்று பிள்ளைகள் மூன்று வீட்டிலிருந்து பாடி அனுப்பினார்கள். ஒட்டிப் பார்த்தால், கதை அடுத்த அடிக்குப் போன பிறகு 'ஆமா' வருகிறது. நடுவில் பக்கத்து வீட்டு மிக்சி. சிரிப்புத்தான் வந்தது, கொஞ்சம் அழுகையும்.

எங்கள் வீடுகள் பத்துக்குப் பத்து அறை. கீழே ஐந்தாறு பேர், மேலே தையல் மெஷின். அமைதியாக ஐந்து நிமிடம் கிடைக்காத வீட்டுப் பிள்ளை வீடியோவே அனுப்புவதில்லை. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிற வீட்டிலும் அப்படித்தான். முன்பு மேடையேறிக் கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். அனுப்புகிற பிள்ளைக்கும் நிம்மதி இல்லை. ஒரு சொல் தப்பினால் 'மறுபடி எடு' என்கிறோம். பத்தாவது தடவையில் அழுதுவிடுகிறது. மேடையில் ஒரு பையன் வரியை மறந்து நின்றபோது, குடம் அடித்த பிள்ளை தாளத்தை விடாமலே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டியது.

தேசியக் கல்விக் கொள்கை 2020 கலையைப் பாடத்திலிருந்து பிரித்து ஒதுக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக மத்திய அரசு 2015 முதல் கலா உத்சவ் என்ற கலைப் போட்டியை நடத்துகிறது. எட்டாவது வரை மேடையையே பார்க்காத பிள்ளை அங்கே போய் எப்படி நிற்கும்?

நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பள்ளி ஹாலில் உடைந்த பெஞ்சுகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கின்றன. முதலில் அவற்றை அகற்ற உத்தரவிட வேண்டும். அப்புறம் மேடை வயரிங்கை ஒருமுறை சோதித்துத் தர வேண்டும். சனிக்கிழமைகளில் ஒத்திகைக்காக ஹாலைத் திறந்துவிட அனுமதி வேண்டும். மாநகராட்சியின் சங்கீத கலா அகாடமியிலிருந்து ஓர் ஆசிரியர் வாரம் ஒருநாள் வந்தால் போதும், டோலக்கும் ஆர்மோனியமும் மீண்டும் அலமாரியை விட்டு வெளியே வரும். விழா இரவு எட்டு மணிக்குள் முடியும். ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உடுக்கைக்கு மைக் வேண்டாம். டீ, பிஸ்கட், பந்தல் செலவை இரண்டு பள்ளிப் பெற்றோரும் பகிர்ந்துகொள்கிறோம்.

வரும் ஜனவரியில் விழா நடக்க வேண்டுமென்றால் ஒத்திகைக்கு இரண்டு மாதமாவது தேவை. ஆகவே தீபாவளி விடுமுறைக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். வில் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நாண் மட்டும் மாற்ற வேண்டும், அதற்கு ஆள் சொல்லிவிட்டோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)

இடம்: தாராவி
இணைப்பு: மராத்தி மொழிபெயர்ப்பு, ஹாலின் புகைப்படங்கள்