போகி மூட்டத்துக்குப் பனி மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போகி முடிந்து பேப்பரைத் திறந்தால் வருடா வருடம் ஒரே செய்திதான்: கடும் பனிமூட்டம், விமானங்கள் தாமதம். புகையைப் பற்றி எங்காவது ஓரத்தில் ஒரு வரி இருக்கும், ஏதோ பனியும் புகையும் தனித்தனியாகக் கிளம்பி வந்து மீனம்பாக்கத்தில் சந்தித்துக்கொண்ட மாதிரி. நான் பல்லாவரத்துக்காரன். 2018 போகியன்று விடிந்து வெகுநேரம் ஆகியும் எதிர்வீட்டு கேட் தெரியவில்லை, அன்று எத்தனையோ விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பனியைக் கெட்டியாக்கியதே நம் புகைதான். காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது துளியாவதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். 1880 வாக்கிலேயே ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன் என்பவர், பஞ்சில் வடிகட்டிய காற்றுக்குள் நீராவியை விட்டால் மூட்டமே வராது என்று செய்து காட்டிவிட்டார்.

நம்பாவிட்டால் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து, அந்தப் புகையைப் பாட்டிலுக்குள் இழுத்து மூடிவிட்டு மறுபடி அமுக்கி விடுங்கள், உள்ளே வெள்ளையாக மேகம் நிற்கும். அமுக்கினால் காணாமல் போகும், விட்டால் வரும். என் பேத்தி அரை மணி நேரம் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் விடியற்காலைக் காற்று அசைவதில்லை, தரையோரக் குளிர்ந்த காற்றுக்கு மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால் டயர் புகை எங்கேயும் போக முடியாது. பத்துப் பேருக்கு வைத்த சாம்பாரை நூறு பேருக்கு ஊற்றுகிற கதைதான், இருக்கிற ஈரத்தை அத்தனை துகள்களும் பங்கு போட்டுக்கொள்ளும். துளிகள் நிறைய, ஒவ்வொன்றும் பொடிப்பொடி. பொடித் துளிகள் வெளிச்சத்தை அதிகமாகச் சிதறடிக்கும், சீக்கிரம் கீழே இறங்கவும் செய்யாது.

மேலே மேகத்திலும் இதே கணக்குதான். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும், ரொம்பப் பொடியாக இருந்தால் அவை மோதிச் சேர்வதே கஷ்டம். கப்பல் புகையின் துகள்களாலும் இப்படித்தான், அது போகும் தடத்தில் தாழ்வான மேகங்கள் வெள்ளைக் கோடுகளாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரியும். 2020-இல் கப்பல் எரிபொருளில், அந்தத் துகள்களுக்குக் காரணமான கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்ததும் அந்தக் கோடுகளும் குறைந்துபோயின.

சரி, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விமானம் தாமதமான பிறகு காரணம் எழுதாமல், போகிக்கு இரண்டு நாள் முன்னாடியே இதை முதல் பக்கத்தில் போடுங்கள். எங்கள் தெருவில் டயர் சேர்க்க ஆரம்பிப்பதே அந்தச் சமயத்தில்தான்.

இப்படிக்கு,
பல்லாவரம் வாசகர்