அக்காவுக்கு, இந்தத் தடவை வாங்கியவை

அக்கா,

பெட்ஷீட்டை விரித்துவிட்டேன். நீலக் கட்டம் போட்ட அதே ஷீட், ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு. புதிதாக வாங்கிய எல்லாவற்றையும், நீ செய்வது மாதிரியே, அதன்மேல் பரப்பி, நாற்காலியில் ஏறி நின்று, மேலிருந்து ஒரு படம் எடுத்து உன் எண்ணுக்கு அனுப்பினேன். இரண்டு நாளாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். படத்தை இங்கே போடவில்லை. அது உனக்கு மட்டும்.

தலையணை உறை இரண்டு. குடை ஒன்று, பட்டனை அழுத்தினால் விரிகிற வகை. மடக்கத்தான் படாத பாடு. நகவெட்டி ஒன்று. பழைய நகவெட்டி யாரோடு போனது என்று நம் இருவருக்கும் தெரியும், விடு. சார்ஜர் ஒயர் மேசைக்குப் பின்னால் விழாமல் பிடித்துக்கொள்ள ஒட்டுகிற கிளிப் ஆறு. அதில் இரண்டு அன்றைக்கே பிய்ந்து விழுந்துவிட்டன. அப்புறம் பாத்ரூம் பிரஷ். ஆமாம், அதை நடுவில்தான் வைத்தேன். "கேம் மட்டும் காட்டினா பீத்தல்டா, பிரஷ்ஷும் இருந்தாத்தான் நம்புவேன்" என்பாயே. உன் சட்டங்களில் நான் ஒருபோதும் மீறாதது அது ஒன்றுதான். இன்னொரு சட்டமும் இருந்தது. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் விரிப்பில் வைக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேம் இரண்டு. ஒன்று நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு, யாரோ ஆடி முடித்து விற்றது. 2017-இல் நீ ஸ்விட்ச் வாங்கிய புதிதில் அந்தக் குட்டிக் கார்டை என்னிடம் நீட்டி, "லேசா நாக்குல வை, ஒரு மாதிரி இனிக்கும்" என்றாய். வைத்தேன். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாதென்று அதன்மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்பைப் பூசியிருக்கிறார்கள் என்பது வாய் கொப்பளித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு முன்னாலேயே தெரியும். இந்தக் கார்டையும் நக்கிப் பார்த்தேன். கைமாறி வந்தும் கசப்பு குறையவில்லை.

இரண்டாவது, இட் டேக்ஸ் டூ. 2021-இல் வந்தது, நான்தான் தாமதம். அதைத் தனியாக ஆட வழியே வைக்கவில்லை, எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸை இறக்கிக்கொண்டு காசில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

மிச்சம் நான்கு பொருள். 3.8 மில்லிமீட்டர் திருப்புளி, சால்டரிங் அயர்ன், தகடு வைத்த காயின் பேட்டரி, கார்ட்ரிட்ஜ் ரீடர். படம் வந்து சேர்ந்திருந்தால் இவற்றைப் பார்த்த நொடியிலேயே நீ போன் செய்திருப்பாய். திட்டவாவது செய்திருப்பாய்.

படிக்கிற மற்றவர்களுக்காக நாலு வரி. போக்கிமான் கோல்ட் என்று 1999-இல் ஜப்பானில் வெளிவந்த கேம், கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் ஆடுவது. விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட வேண்டும். நாம் ஆடியதெல்லாம், அதாவது சேவ், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற பிளாஸ்டிக் கட்டைக்குள் ஒரு சின்ன மெமரியில் இருக்கும். மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம் இருக்கும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் சிஆர்2025 பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. இந்த கேமில் பகல், இரவு எல்லாம் உண்டு என்பதால் உள்ளே ஒரு கடிகாரமும் ஓடுகிறது, அதுவும் இதே பேட்டரியைத்தான் குடிக்கிறது. அதனால் இதற்கு முந்தைய போக்கிமான் கார்ட்ரிட்ஜ்களைவிட இது சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் சேவ் போச்சு. அதற்கு முன்பே கழற்றினாலும் போச்சு. காப்பாற்ற வேண்டுமென்றால் ரீடரில் செருகி, சேவ் ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்கு எடுத்துவைத்துவிட்டு, பேட்டரியை மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும்.

இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய். கிளம்பிய அன்று, கையில் இரண்டு பையோடு வாசலில் நின்றுகொண்டு. கேம்பாயையும் கார்ட்ரிட்ஜையும் என் இழுப்பறையில் வைத்திருப்பதாகச் சொன்னாய். "முதல்ல சேவ் ஃபைலை எடுத்துடு, அப்புறம் பேட்டரி. மாத்திச் செஞ்சிடாதே." நான் "சரி" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

அந்தக் கார்ட்ரிட்ஜ் நம் வீட்டுக்கு வந்த இரவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். குடை, பிரஷ் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அதையும் நீ பழையதாகத்தான் வாங்கினாய். மேல் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. விரிப்பில் அது சாக்ஸுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் இருந்தது. நீ எடுத்து, 'ஃபூ' என்று அடியில் ஊதி, கேம்பாய் கலரில் செருகினாய். (ஊதக் கூடாது, வாய் ஈரம் பட்டால் அந்தப் பித்தளை நிறப் பற்கள் அரித்துப்போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது, நானும் ஊதினேன்.) கன்டினியூ என்று வந்தது. யாரோ ஒருவருடைய சேவ். மூன்றெழுத்துப் பெயர், அறுபத்தொரு மணி நேரம், எட்டு பேட்ஜ். கடைசிச் சண்டைக்கு முந்தைய வாசலில், எலீட் ஃபோர் என்ற நான்கு பெரிய எதிரிகளுக்கு நேர் முன்னால் நிறுத்தி வைத்திருந்தது.

நான் "நியூ கேம் போடு" என்றேன். நீ போடவில்லை.

"அறுபது மணி நேரம்டா. முடிக்காமலே வித்திருக்கான். முடிச்சுக் கொடுத்துட்டுதான் அழிக்கணும்."

யாருக்கு முடித்துக் கொடுப்பது? அவன் யாரென்றே தெரியாது. அவனா அவளா என்பதும் தெரியாது. அது உனக்கு ஒரு பொருட்டாக இல்லை. மூன்று இரவு உட்கார்ந்தாய். கேம்பாய் கலரின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும், அதுவும் சரியான சாய்வில். என் வேலை விளக்கைப் பிடிப்பது. "கொஞ்சம் இடது பக்கம். இல்ல, அவ்வளவு வேண்டாம். அசையாதே." அந்த ஆளின் போக்கிமான்களில் டைஃப்லோஷன் ஒன்றுதான் தேறும், மற்ற ஐந்தும் பாதியில் வளர்த்துக் கைவிட்டவை. முதல் நான்கு பேரையும் தாண்டிவிடுவாய், கடைசியாக வரும் சாம்பியன் லான்ஸிடம் போய் விழுவாய். ட்ராகனைட் என்ற டிராகன் போக்கிமான் மட்டும் மூன்று வைத்திருந்தான் அவன். ஒன்றை அடித்தால் அடுத்தது. இரண்டாவது இரவு நீ அழுதாய் என்று நினைக்கிறேன், விளக்கு உன் முகத்தில் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்குக் கை வலித்தது, அக்கா. ஒரே ஒரு சண்டை நான் ஆடுகிறேன், நீ விளக்கைப் பிடி என்று கேட்டேன். "இது உனக்கு வராது" என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரென்றே தெரியாத ஒருவனுடைய கேமுக்கு மூன்று இரவு, பக்கத்தில் இருந்தவனுக்கு ஐந்து நிமிடம் இல்லை. இதை எங்காவது எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது, எழுதிவிட்டேன்.

மூன்றாவது இரவு லான்ஸ் விழுந்தான். ஜெயித்தவர்களைப் பதிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அந்த மூன்றெழுத்துப் பெயர் ஏறியது. பெயர்ப் பட்டியல் முழுதும் ஓடி முடியும்வரை இருவரும் பேசவில்லை. அதன் பிறகுதான் நியூ கேம் போட்டாய், கொஞ்ச தூரம் ஆடினாய், சேவ் செய்யப் போனாய். ஏற்கெனவே ஒரு சேவ் இருக்கிறது, அதன்மேல் எழுதலாமா என்று கேட்டது. யெஸ், நோ. நீ கேம்பாயை என்னிடம் நீட்டினாய்.

"நீ அழுத்து."

மூன்று இரவில் முதல் முறையாக அது என் கைக்கு வந்தது. அழுத்தினேன்.

உன் கேமில் வந்த ஸ்லோபோக் என்ற மந்தமான போக்கிமானுக்கு என் பெயரை வைத்தாய். அதற்கு நான் கோபப்பட்ட மாதிரி நடித்தேன். கடைசிவரை அதை நீ கேமுக்குள் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் போடாமல் கூடவே வைத்திருந்தாய் என்பதைக் கவனித்தேன், அதை மட்டும் சொல்லவில்லை.

சரி, விலைச்சீட்டு விஷயம்.

2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய கேம் கருவிகளுக்கான ஆன்லைன் கடையை நிண்டெண்டோ மூடியது. அந்தக் கடைசி வாரத்தில் நீ பதினொரு கேம் வாங்கி, ஸ்க்ரீன்ஷாட்டைக் குடும்ப குரூப்பில் போட்டாய். விரிப்பு இல்லை, பிரஷ் இல்லை, அவசரம் தெரிந்தது. நான் கீழே "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால். கூடவே, கையில் பிடிக்க முடியாத பொருளுக்கு இவ்வளவா என்று இன்னொரு வரி. பெரியம்மா ஒரு கைகூப்பும் பொம்மை போட்டார், ஏனென்று இன்றுவரை புரியவில்லை. பத்து நிமிடத்தில் நீ படத்தை அழித்தாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சாக்ஸ் படம்கூட வரவில்லை.

கேட்டது தப்பு. குரூப்பில் கேட்டது ரொம்பத் தப்பு. ஆனால் அந்த மாதம் நம் இருவருக்கும் நடுவில் வேறொரு கணக்கும் இருந்தது. குரூப்பில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, இங்கே படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டாம், அம்மா இதைப் படிப்பாள். நீ மட்டும் நினைத்துப் பார். என் கண்ணுக்கு அந்தப் பதினொன்று எப்படிப் பட்டிருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? "கடை மூடுதுடா, இனிமே கிடைக்காது" என்று போனில் நீ கத்தினாய். நான் கத்தியதை எழுதமாட்டேன்.

கடை விஷயத்தில் நீ சொன்னது சரி. வாங்கி வைத்தவற்றை இறக்கிக்கொள்ள முடிகிறது, புதிதாக ஒருவர் வாங்கத்தான் முடியாது. போதாக்குறைக்கு, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-வுக்குச் சில கேம்கள் கேம் கீ கார்டு என்று வருகின்றன. டப்பா இருக்கிறது, கார்டு இருக்கிறது, கார்டுக்குள் கேம் இல்லை. அதைச் செருகிவிட்டு கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். கையில் பிடிக்க முடியாததற்குக் காசா என்று அன்று கேட்டவன், கடையில் அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு வைத்துவிட்டு வந்தேன்.

கார்ட்ரிட்ஜைப் போன மாதம்தான் இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ரீடர் வந்து சேர்ந்த அன்று. இந்தத் தடவை ஊதவில்லை, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சுக்குச்சியைத் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுத்தது. ரீடரில் போடுவதற்கு முன் ஒரு தடவை கேம்பாயிலேயே பார்த்துவிடலாம் என்று செருகினேன்.

நியூ கேம். ஆப்ஷன். அவ்வளவுதான் இருந்தது.

கழற்றினேன், துடைத்தேன், செருகினேன். பிறகு ஊதவும் ஊதினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கன்டினியூ வரவில்லை. ரீடரில் போட்டும் பார்த்தேன், எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பேட்டரி எப்போது தீர்ந்ததோ. போன வருடமா, நீ கிளம்பிய மறு மாதமா, தெரிந்துகொள்ள வழியில்லை. எனக்கு வேலை இருந்தது, சால்டரிங் தெரியாது, உன் மேல் கோபமும் இருந்தது, அந்த இழுப்பறையைத் திறக்கவே பிடிக்கவில்லை. எல்லாம் உண்மைதான். அதற்காகச் சேவ் திரும்பி வரப்போவதில்லை.

மன்னித்துவிடு. ஸ்லோபோக்குக்கும் சேர்த்து.

நேற்று பேட்டரியை மாற்றிவிட்டேன். அந்த ஒற்றைத் திருகைக் கழற்றி மூடியைக் கீழே தள்ளினால் உள்ளே இருப்பது விரல் நீளப் பச்சைப் பலகைதான். பழைய பேட்டரியின் தகடு லேசில் விடவில்லை, நெம்பும்போது பலகையே வந்துவிடுமோ என்று பயந்தேன். பலகையில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் புதியதை வைத்துப் பற்றவைத்தேன். ஈயம் உருண்டை உருண்டையாக, அசிங்கமாக நிற்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய். ஆனால் பிடித்துக்கொண்டது.

கேம்பாயில் புது பென்சில் பேட்டரி இரண்டு போட்டு, விளக்கை நானே சாய்த்து வைத்துக்கொண்டு, நியூ கேமை அழுத்தினேன். இந்த கேம் எடுத்ததும் மணி என்ன என்றுதான் கேட்கும், மறந்தே போயிருந்தேன். சுவரைப் பார்த்து இரவு பதினொன்றே கால் என்று வைத்தேன். சரியா என்று உறுதி கேட்டது. யெஸ்.

அடுத்துப் பெயர் கேட்கிறது. அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பென்சில் பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். தீர்ந்தால் மாற்றுவதற்கு இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது. விரிப்பில் அதை வைக்க மறந்துவிட்டேன், பட்டியலில் சேர்த்துக்கொள்.