ஆபீஸ் காப்பீடும் அப்பாவின் விலாசமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய வீட்டையும் கோயில் கடமைகளையும் பார்த்துக்கொண்டு அப்பாவும் ஆத்தாவும் ஊரில் இருக்க, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பது செட்டிநாட்டில் வழக்கமாகிவிட்டது. "ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர்த்தாச்சு" என்று பிள்ளை போனில் சொன்னால் மட்டும் போதாது. என்ன பெயரில், எந்த அறை வாடகை வரம்பில் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

பெற்றோரைச் சேர்ப்பதற்கு வருடத்தில் ஒரு தடவைதான் வாய்ப்பு. பாலிசி புதுப்பிக்கும் சமயத்தில் சேர்க்கலாம், அல்லது வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களுக்குள் சேர்க்கலாம். கடைசி நாள் எது என்பது எச்.ஆர். (ஆபீஸின் மனிதவளப் பிரிவு) அனுப்பும் மின்னஞ்சலில் இருக்கும். கல்யாணம், குழந்தைப்பேறு என்றால் நடுவில் பெயர் சேர்ப்பார்கள். அப்பாவுக்கு ஆஞ்சியோ என்று நடுவில் போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள். பல பாலிசிகளில் சொந்தப் பெற்றோர் அல்லது மாமனார், மாமியார் என ஒரு ஜோடிக்குத்தான் இடம். கலந்து போட முடியாது.

நம் பக்கம் அதிகம் இடிப்பது விலாசம்தான், அதாவது பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்துகள். ஆதாரில் "மெ. அரு. மெய்யப்பன்" என்று இருக்கும், பான் கார்டில் அந்த எழுத்துகள் முழுப் பெயர்களாக விரிந்திருக்கும், பிள்ளை அவசரத்தில் வெறும் "மெய்யப்பன்" என்று பதிந்திருப்பார். மருத்துவமனைக் கவுன்டரில் காப்பீட்டு இ-கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு (நாம் பணம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்குக் கட்டும் முறை) ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. பெயர் ஒத்துப்போகாத கோரிக்கைக்கு "விளக்கம் தேவை" என்ற பதிலும் அதே வேகத்தில் வந்துவிடும்! திருத்தம் எச்.ஆர். வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்த் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் திங்கள்வரை காத்திருக்க நேரும். எனவே ஆதாரில் உள்ள புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே பதியுங்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால், போர்ட்டல் கேட்கிறதே என்று ஒரு தேதியைக் கற்பனையாகப் போடாமல் முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். சுவிகாரம் போன பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோர், கூட்டிக்கொண்டவர்களே. பெற்றவர்களைப் படிவத்தில் 'பெற்றோர்' என்ற இடத்தில் எழுதினால், தகப்பனார் பெயர் மாறுகிறதே என்று கிளெயிம் நிற்கும். அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுப்பதுதான் வழி.

அடுத்தது அறை வாடகை. காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வரம்பு அதில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு ₹3,000. ₹6,000 அறையில் 5 நாள் இருந்தால் கூடுதல் ₹15,000 மட்டும்தான் கைக்காசு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறை வாடகை ₹30,000, சர்ஜன், தியேட்டர், நர்ஸிங் ₹1,00,000, மருந்தும் பரிசோதனையும் ₹50,000 என்று மொத்த பில் ₹1,80,000 என வைத்துக்கொள்வோம். வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையில் தங்கியதால் முதல் இரண்டும் பாதியாகும். மருந்து, பரிசோதனையில் இந்த விகிதக் கழிவு கிடையாது. ஆக ₹1,15,000. பெற்றோருக்கு 20 சதவீதம் கோ-பே (நாமே ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் அதில் ₹23,000 போய், காப்பீடு தருவது ₹92,000. மீதி ₹88,000 நம் கையிலிருந்து. "நல்ல ரூமாப் போடுங்க" என்று சொல்லுமுன் வரம்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோரிடம் ஏற்கெனவே தனிப் பாலிசி இருந்தால், ஆபீஸில் சேர்த்தாயிற்று என்று அதை விட்டுவிடாதீர்கள். ஆபீஸ் எடுக்கும் பல குழுக் காப்பீடுகளில் சர்க்கரை, இருதய நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். பிள்ளை வேலையை விட்டால் அதுவும் போய்விடும். புதிதாக எடுக்கும் தனிப் பாலிசியில் பழைய நோய்க்கு 3 ஆண்டுவரை காத்திருப்பு வைக்கலாம். கைவசம் வேறு பாலிசி இல்லாதவர்கள், வேலையின் கடைசி நாளுக்கு முன்பே அதே கம்பெனியிடம் தனிப் பாலிசிக்கு மாற்றிக் கேட்க வேண்டும். உடல்நிலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சம்பளத்தில் பிடிக்கும் பெற்றோர் பிரீமியத்துக்கு, அவர்கள் 60 வயதைத் தாண்டியிருந்தால் ₹50,000 வரை வரிக்கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். மாதம் ₹21,000-க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) இருப்பவர்கள், தங்களை நம்பியிருக்கும் பெற்றோரைக் கூடுதல் சந்தா இல்லாமலே சேர்க்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறை வரம்பு, கோ-பே, டிபிஏ (கம்பெனி சார்பில் கிளெயிமைக் கவனிக்கும் நிறுவனம்) தொலைபேசி எண், காரைக்குடி, மதுரை, திருச்சியில் உள்ள நெட்வொர்க் (கேஷ்லெஸ் வசதி உள்ள) மருத்துவமனைகள் ஆகியவற்றை அரைப் பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, ஊழியரின் பெற்றோர் முகவரிக்கே அனுப்புங்கள். அட்மிஷன் கவுன்டரில் நிற்கப்போவது அவர்கள்தான்.

இப்படிக்கு,
காப்பீட்டு ஆலோசகர்கள்,
காரைக்குடி.