கடைசி எண்ணை மட்டும் சொல்லும் டோட்டல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய ஜாவா புரோகிராமை நிதானமாகப் படித்தேன். ஹாஸ்டல் செலவை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, -1 அடித்ததும் மொத்தத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் 40, 25, 60 என்று கொடுத்தால் 125 வராமல் 60 வருகிறது. ஃபோனில் சொல்வதைவிட எழுதினால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க உனக்கு வசதியாக இருக்கும்.

லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், டோட்டல் என்று எழுதியிருக்கும் வரியைப் பார். பிளஸ், அப்புறம் சமக்குறி என்று வர வேண்டும். நீ சமக்குறியை முதலில் போட்டு பிளஸ்ஸைப் பின்னால் போட்டிருக்கிறாய். நீ எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏன் தடுக்கவில்லை என்று தோன்றும். அதன் கண்ணுக்கு அது தப்பே இல்லை. 'டோட்டலில் பிளஸ் 40-ஐ வை' என்று படித்துக்கொள்கிறது. பிளஸ் 40 என்றால் வெறும் 40தானே. அடுத்த சுற்றில் 40-ஐத் தூக்கிவிட்டு 25, அதற்கடுத்து 60. கூட்டல் நடக்கவே இல்லை. இப்படிச் சத்தமில்லாமல் ஓடும் தப்புதான் எனக்குப் பயம். எர்ரர் காட்டி நிற்பதை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். அதனால் கொஞ்ச நாளைக்கு லூப்புக்குள்ளேயே டோட்டலை அச்சிட்டுப் பார். 40, 65, 125 என்று ஏறி வந்தால் சரி.

டோட்டலை லூப்புக்கு வெளியே பூஜ்யத்தில் தொடங்கியிருக்கிறாய், அது சரி. அதை அடைப்புக்குள் அறிவித்தால் அடைப்பு முடிந்ததும் அந்தப் பெயரே இருக்காது. கூட்டுவதற்கு முன்பே -1-ஆ என்று பார்த்ததும் நல்லது. இல்லாவிட்டால் அந்த -1-உம் சேர்ந்து மொத்தம் 124 ஆகியிருக்கும். ஆனால் தோழி திருப்பித் தந்த பணத்தை மைனஸில் எழுத நினைத்தால் -1 இடிக்கும். அப்போது முடிக்க 'போதும்' மாதிரி ஒரு சொல்லை வைத்துக்கொள்.

இப்போது நீ யோசிக்க வேண்டியது, ஒவ்வொரு தொகையையும் சேமிக்கத்தான் வேண்டுமா என்பது. உண்டியலில் போட்ட காசில் மொத்தம் மட்டும்தான் தெரியும், எந்தக் காசு எப்போது விழுந்தது என்று தெரியாது. மொத்தம் போதும் என்றால் ஒரு டோட்டல் போதும், தொகைகளை வரிசையாக அடுக்கி வைக்கும் அரேயே வேண்டாம். தப்பாக அடித்த தொகையை நீக்கவோ, செலவுகளை வரிசையாகக் காட்டவோ வேண்டுமானால் சேமித்தாக வேண்டும். அதற்கும் 10 இடம் வைத்த அரே சரிப்படாது, பதினோராவது செலவில் புரோகிராம் விழுந்துவிடும். அரேலிஸ்ட் எடுத்துக்கொள், தேவைக்கேற்ப அதுவே பெரிதாகும். அதற்குள் வைப்பது முழு எண் என்று சொல்ல இன்ட் என்று எழுத முடியாது, இன்டிஜர் என்று எழுத வேண்டும்.

சராசரி போடும்போது கவனம். 125-ஐ 3-ஆல் வகுத்தால் ஜாவா 41 என்று நிறுத்திவிடும், இரண்டும் முழு எண் என்பதால். ஒன்றை டபுளாக, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்ணாக, மாற்று. ஒரு செலவும் கொடுக்காமல் முதலிலேயே -1 அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சோதி.

காசு வரும்போது டபுளை நம்பாதே. பில்லிங் புரோகிராமோடு தினமும் கிடக்கிறவள் சொல்கிறேன். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் டபுளில் 0.30000000000000004 வரும். எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் வை. இன்ட் 2147483647 வரை தாங்கும். பைசாவில் அது ஏறக்குறைய 2 கோடியே 14 லட்சம் ரூபாய். அதைத் தாண்டினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மைனஸுக்குப் போய்விடும். உன் செலவுக்கு இன்ட் தாராளம். ஒரு கடையின் வருடக் கணக்குக்கு எழுதினால் இன்னும் பெரிய முழு எண்ணைத் தாங்கும் லாங் போடு.

இன்னொன்று, யாராவது எண்ணுக்குப் பதில் 'டீ' என்று அடித்தால், எண்ணை வாங்கும் நெக்ஸ்ட்இன்ட் விழுந்துவிடும். அந்த எர்ரரை டிரை போட்டுப் பிடித்தாலும், அந்தச் சொல்லை எடுத்துக் கீழே போடாவிட்டால், அடிப்பதைப் படிக்கும் ஸ்கேனர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்து முடிவில்லாமல் சுற்றும். ஹேஸ்நெக்ஸ்ட்இன்ட் வைத்து, அடுத்து வருவது எண்தானா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்கு. எண் இல்லை என்றால் நெக்ஸ்ட் போட்டு அந்தச் சொல்லைத் தள்ளிவிடு.

முதலில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார். 125 வந்ததும் அரேலிஸ்ட்டுக்குப் போ. முடித்ததை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, நான் அன்று வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா