கத்தி மேல் எஃகின் பெயரைப் போடுங்கள்

சமையல் கத்தி செய்து விற்கும் நம் நாட்டு நிறுவனங்களுக்கு,

வணக்கம். கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் விற்கும் கத்தி எந்த எஃகில் செய்தது, எத்தனை ராக்வெல் (எஃகின் கடினத்தைச் சொல்லும் எண்) கடினத்துக்குப் பதம் செய்தது என்பதை அலகிலோ அட்டைப்பெட்டியிலோ அச்சிடுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் போட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. 'ஹை கார்பன்', 'ஜெர்மன் ஸ்டீல்', 'ஜப்பானியத் தொழில்நுட்பம்' என்று போட்டாலும் அப்படித்தான்.

எவர்சில்வர் டம்ளரும் ஸ்டெயின்லெஸ்தானே. நல்ல பாத்திரங்களுக்குப் போடும் 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், கார்பன் மிகக் கொஞ்சம். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கத்திக்கு வேண்டியது, காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் மார்ட்டென்சைட் வகை எஃகு. அது வேறு குடும்பம். அதில் காந்தம் நன்றாக ஒட்டும், 304 டம்ளரில் அநேகமாக ஒட்டாது. கடையில் நின்றுகொண்டு நாங்கள் செய்யக்கூடிய சோதனை அவ்வளவுதான். கார்பன் 0.3 சதவீதம் உள்ள மலிவு எஃகிலும் காந்தம் ஒட்டும், 1 சதவீதம் உள்ள எஃகிலும் ஒட்டும். முதலாவது ஒரு வாரத்தில் தக்காளித் தோலில் வழுக்கும். இரண்டாவது மாதக்கணக்கில் கூர் நிற்கும். விலைச்சீட்டு தவிர வேறு வித்தியாசம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த வித்தியாசத்துக்காக உலகம் இருநூறு வருடம் மெனக்கெட்டிருக்கிறது. 1821-இல் பிரான்சின் பியர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குகிறது, கத்தி செய்ய உதவலாம் என்று எழுதினார். ஆனால் கார்பனைக் குறைத்துக் குரோமியம் சேர்க்கும் வழி அன்று இல்லாததால் அந்தக் கலவை நொறுங்கும் தன்மையோடே இருந்தது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருக்க எஃகு தேடிப் போய், 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் உள்ள ஒன்றை உருக்கினார். அது துரு ஏறவில்லை. ஆனால் ஆரம்பக் கத்திகள் சரியாக வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர்க்காரர்களே அவரைக் கேலி செய்தார்கள். நம் கடைகளில் தொங்கும் பல கத்திகள் அந்தக் கேலிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கார்பனைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடாதா? அங்கேதான் சிக்கல். கூடுதல் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடு துகள்களாகிவிடும். அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. கருவி அச்சுகளுக்கான டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தும் அதை ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான், ஏனென்றால் கார்பன் 1.5 சதவீதம். 440சி என்ற கத்தி எஃகில் குரோமியத்தை 16, 17 என்று ஏற்றித் துருவைச் சமாளித்தார்கள். ஆனால் உருக்கு மெதுவாக ஆறும்போது கார்பைடுகள் பெரிதாக வளர்ந்துவிடும். மெல்லிய விளிம்பில் அப்படி ஒரு பெரிய துகள் இருந்தால் அந்த இடம் சிறு சில்லாகப் பொரிந்து போகும்.

1970-இல் அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் இதற்கு ஒரு வழியைத் தொழிற்சாலை அளவில் கொண்டுவந்தது. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கினார்கள். ஒவ்வொரு துளியும் நொடியில் உறைவதால் கார்பைடு வளர நேரமே இல்லை. பிறகு அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்கினார்கள். 2001-இல் கத்திக்கென்றே இந்த முறையில் வந்த சிபிஎம் எஸ்30வி என்ற எஃகில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் இருக்கிறது. வனேடியம் கார்பைடு குரோமியம் கார்பைடை விடக் கடினம், சாதாரண அலுமினியம் ஆக்ஸைடு சாணைக்கல்லை விடவும் கடினம். கூர் நீண்டநாள் நிற்கும், மழுங்கினால் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். 2021-இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் என்ற எஃகு இன்னும் சுவாரசியம். அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான். ஆனால் குரோமியம் கார்பைடே உருவாகாதபடி வனேடியம், நயோபியம், நைட்ரஜன் அளவுகளை அமைத்ததால் குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலைக்கே கிடைக்கிறது. 14 சதவீதம் உள்ள எஸ்30வி-யை விட இது துருவை நன்றாகத் தாங்குகிறது. 'குரோமியம் அதிகம்' என்று பெட்டியில் போட்டுக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பயப்படாதீர்கள், கீரை நறுக்க மேக்னாகட் கேட்கவில்லை. வீட்டுச் சமையலுக்கு அது வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. முருங்கைக்காய், பூசணி, மீன் முள் என்று புழங்கும் சமையலறைக்கு, நுண்ணிய கார்பைடு உள்ள, வீட்டுக் கல்லிலேயே தீட்ட வருகிற எஃகு போதும். ஸ்வீடனில் சவர பிளேடுக்காக உருவான ஏஇபி-எல் அப்படிப்பட்டது. கார்பன் 0.67 சதவீதம், குரோமியம் 13 சதவீதம், பொடி முறை எதுவும் கிடையாது. அதே நாட்டு 14சி28என் என்ற எஃகில் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்துத் துருவை இன்னும் நன்றாகத் தடுத்திருக்கிறார்கள். இரண்டும் தங்கவிலை எஃகுகள் அல்ல.

எஃகின் பெயரோடு கடினமும் கேட்பதற்குக் காரணம், நல்ல எஃகையும் தோய்ச்சலில் கெடுத்துவிட முடியும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சரியான சூட்டில் சரியான நேரம் வைத்து, வேகமாகக் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பதம் செய்தால் 14சி28என் 60 ராக்வெல்லைத் தொடும். அவசரப்பட்டால் அதே தகடு 55-இல் நின்றுவிடும். அப்புறம் கடைசியில் தண்ணீர் விடாமல் சுழலும் சாணைப் பட்டையில் தேய்த்துக் கூர் ஏற்றும்போது விளிம்பு மட்டும் சூடேறி மென்மையாகிவிடும். புதுக்கத்தி சீக்கிரம் மழுங்கி, இரண்டு மூன்று தடவை தீட்டியபின் நன்றாக வெட்டத் தொடங்கினால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ஆலையில் இதை நீங்கள் அறியாதவர்கள் அல்ல.

'வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாது' என்பீர்கள். நகைக்கடையில் 916 இருக்கிறதா என்று கேட்காதவர் உண்டா? அவர்கள் எல்லாரும் உலோகவியல் படித்தா கேட்கிறார்கள்? எண் கண்ணில் பட்டால் கேட்கப் பழகிவிடுவோம். தொழில் ரகசியம் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வூஸ்ட்ஹோஃப், எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்று எஃகின் பெயரை அலகிலேயே பொறித்து விற்கிறது. அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம் என்று அந்தப் பெயரிலேயே பாதிக் கலவை தெரிந்துவிடும். ஜப்பானியர்கள் விஜி-10 என்ற எஃகின் பெயரை விளம்பரமாகவே ஆக்கிவிட்டார்கள்.

எண் தெரிந்தால் உங்களுக்கும் லாபம். 56 ராக்வெல் என்றால் தீட்டுக்கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். 61 என்றால் எலும்பிலும் தேங்காய் ஓட்டிலும் போடக்கூடாது, விளிம்பு பொரியும். பெட்டியில் இது இருந்தால் பொரிந்த கத்தியோடு சண்டைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் குறைவார்கள்.

அலைக்கோடு ஓடும் டமாஸ்கஸ் எஃகு பற்றியும் ஒரு வார்த்தை. சாதா தகட்டில் லேசரால் அலைக்கோடு வரைந்து அந்தப் பெயரில் விற்காதீர்கள். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு உருக்கு போனது தென்னிந்தியாவிலிருந்து. அந்தக் கோடுகளுக்குக் காரணம் தாதுவில் மிகச் சிறிய அளவில் இருந்த வனேடியம் போன்ற கலப்புகள் என்று அமெரிக்க ஆய்வாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1998-இல் விளக்கினார்கள். கோடு உள்ளே இருந்து வந்தது. நீங்கள் போடுவது பாத்திரம் தேய்க்கும் நாரோடு போய்விடும்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். கத்தியின் கூரையும் அது நிற்கும் காலத்தையும் அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்று ஒரு தரமுறை இருக்கிறது. மணல்துகள் கலந்த அட்டையை இயந்திரம் கத்தியால் அறுத்து அறுத்து, எத்தனை மில்லிமீட்டர் வெட்டியது என்று கணக்கெடுக்கும். விலை உயர்ந்த வரிசைக்காவது அந்த எண்ணை வெளியிடலாம்.

அதுவரைக்கும் '14சி28என், 58–60 எச்ஆர்சி' (எச்ஆர்சி என்பது ராக்வெல் கடினம்தான்) என்பது போல ஒரே ஒரு வரி போதும். எஃகு வாங்கும் இடம் மாறி ரகமும் மாறினால் அந்த வரியையும் மாற்றுங்கள். பழைய அட்டைப்பெட்டி மிச்சம் இருக்கிறதே என்று அதிலேயே போட்டு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கத்திகளை அடிக்கடி தீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்