தூளி கட்டித் தந்தவர்களுக்கு

இந்த மடலின் முதல் வரி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் எங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலருக்கு உரியது. 2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, ஆற்றோர ஊர்க்காரர்கள் எங்கள் பள்ளியில் வந்து தங்கியிருந்தார்கள். நான் அங்கே சத்துணவு அமைப்பாளர். சாம்பார் அண்டாவை இருவராகப் பிடித்து இறக்கும்போது என் புடவை நனைந்தது. சுற்றிலும் மழையில் நனைந்தவர்களே நின்றதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது. என்னைத் தனியே அழைத்து, "அக்கா, இருமினால், கனம் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? எத்தனை வருடமாக?" என்று கேட்டார்.

ஒன்பது வருடமாக என்றேன். அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கணவரிடம்கூட நான் வாய் திறந்ததில்லை.

சகோதரி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதுதான் உங்கள் அன்றாட வேலை. என் புடவையைப் பார்த்துப் பதறியது உங்கள் மனம். அந்த ஒன்பது வருடத்தில் நான் எதையெல்லாம் விட்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோவிலுக்குப் போவதை விட்டிருந்தேன். ஈரத்தோடு சந்நிதியில் நிற்க மனம் ஒப்பவில்லை. வெளிர் நிறப் புடவைகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதனால் சிறுநீர்க் கடுப்பு வந்து கசிவு இன்னும் கூடியதுதான் மிச்சம். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லும் கதைகளுக்கு வாய்விட்டுச் சிரிப்பதையும் நிறுத்திவிட்டேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஆயா எப்போதும் கோபமாகவே இருக்கிறார்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

இடையில் ஒரு முறை துணிந்து ஓரிடத்தில் காட்டியதுண்டு. மூன்று பிரசவம் கண்ட உடம்பு அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். பயந்து திரும்பிவிட்டேன். கர்ப்பப்பையை எடுப்பது இந்தக் கசிவுக்கு மருந்தே அல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்த நன்றி இயன்முறை மருத்துவருக்கு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த என் மாமியாருக்குப் பயிற்சி தர அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். தன்னார்வலர் அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்தார். அறுவையைப் பற்றி யோசிக்கும் முன் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும், பலருக்கு அதிலேயே குணம் கிடைத்துவிடும் என்றார். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளிழுத்துப் பிடித்து, பத்து எண்ணி, விட வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. காலை, மதியம், இரவு என மூன்று வேளை. எண்ணும் வேலையை அவர் என் மாமியாரிடம் கொடுத்தார். வாய் குழறிக்கொண்டிருந்த அத்தைக்கு அது பேச்சுப் பயிற்சி; எனக்கு அது அளவு. "ஒன்று... இரண்டு..." என்று அவர் திணறித் திணறி எண்ண, நான் பிடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் ஆறில் நின்றுவிடுவார். அவர் ஏழைக் கண்டுபிடிக்கும்வரை நானும் விடமாட்டேன்.

நான்கு மாதத்தில் கசிவு பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. அரிசி மூட்டையும் அண்டாவும் தினமும் காத்திருக்கும் வேலை என்னுடையது. அப்போதுதான் புதுச்சேரி கோரிமேட்டுக்குப் போய் ஜிப்மர் மருத்துவமனையில் காட்டினேன்.

ஜிப்மர் மருத்துவர்களுக்கு என் நன்றியை எங்கிருந்து தொடங்குவது? என்னைப் பார்த்தவுடன் கத்தியை எடுக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூன்று நாளைக்கு ஒரு குறிப்பேடு எழுதிவரச் சொன்னார்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எவ்வளவு மில்லி போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று தினமும் கணக்கு எழுதிப் பழகிய கை. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டுபோனேன். மருத்துவர் அதை வாசித்துவிட்டு, "அம்மா, நீங்களே பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்" என்றார். இருமும்போதும் தூக்கும்போதும் வரும் கசிவு ஒன்று. திடீரென்று முட்டி, கழிப்பறைக்கு ஓடுவதற்குள் போய்விடுவது வேறொன்று. முதல் வகைக்குத்தான் அறுவை. இரண்டாவதற்கு மருந்தும் பழக்கமும்தான், அறுவை அதைக் கூட்டிவிடவும் கூடும். எனக்கு எது என்று உறுதிசெய்ய யூரோடைனமிக் சோதனை செய்தார்கள். மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை நீரால் நிரப்பி, இருமச் சொல்லி, அழுத்தத்தைத் திரையில் பார்க்கும் சோதனை. நான் கூசி நின்றபோது அங்கிருந்த செவிலியர் சொன்னது: "இங்கே கசிந்தால்தான் உங்களுக்கு வழி கிடைக்கும். நன்றாக இருமுங்கள்." ஒன்பது வருடமாகக் கசியக் கூடாதே என்று இருமலை விழுங்கியவள், அன்று மனம்விட்டு இருமினேன். அந்தச் செவிலியரை நான் மறக்கமாட்டேன்.

பிறகு மருத்துவர் என் கணவரையும் உட்கார வைத்து விளக்கினார். சிறுநீர் இறங்கும் குழாயைக் கீழிருந்து தாங்கும் சவ்வும் தசையும் பிரசவங்களில் தளர்ந்துவிட்டன. இருமும்போது குழாய் அழுந்தி மூடிக்கொள்ள அடியில் பிடிமானம் இல்லை. "பிள்ளைக்குத் தூளி கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அதுபோலக் குழாய்க்கு அடியில் ஒரு தூளி கட்டப்போகிறோம்" என்றார். தூளிக்குத் துணி இரண்டு வகை. ஒன்று பாலிபுரொப்பிலீன் வலைநாடா. சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990-களில் கொண்டுவந்த முறை; சிறு வெட்டு, சீக்கிரம் வீடு திரும்பலாம், உலகம் முழுக்க ஏராளமான பெண்களுக்குப் பயன்பட்டது. ஆனால் சிலருக்கு அந்த வலை திசுவை அரித்து வெளியே தெரிந்து, தீராத வலி தந்ததால், பிரிட்டனில் 2018-இல் அதன் பயன்பாட்டை இடைநிறுத்தினார்கள். இதையும் மறைக்காமல் சொன்னார். இன்னொன்று, அடிவயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அதையே தூளியாக்குவது. வெட்டு பெரிது, ஆற நாளாகும், ஆரம்பத்தில் சிறுநீர் போக முடியாமல் சிரமப்படும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் வெளிப்பொருள் கிடையாது. தூளியே இல்லாமல், பையின் கழுத்தருகே தையல் போட்டு மேலே தூக்கி நிறுத்தும் பர்ச் முறையையும் சொன்னார். "வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், அவசரமில்லை" என்று அனுப்பினார். எங்களைப் போன்றவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை ஐயா. என் உடம்பைப் பற்றி நானே முடிவெடுக்க நீங்கள் தந்த அந்தப் பத்து நாளுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் சொந்தச் சதையிலேயே தூளி கட்டச் சொன்னேன். 2025 மே மாதம், பள்ளி விடுமுறையில் அறுவை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்திருந்ததால் பேச்சுக் குரல்கள் காதில் விழுந்துகொண்டிருந்தன. பையில் காயம் ஏதும் படவில்லை என்று உள்ளே கருவி விட்டுப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

கடினமான நாட்கள் அதன் பிறகுதான் வந்தன. சிறுநீரை வெளியேற்ற அறுவையின்போது வைத்திருந்த குழாயைச் சில நாள் கழித்து எடுத்ததும் எனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒழுகுகிறது என்று வந்தவளுக்கு இப்போது போகவே இல்லை என்றால் எப்படி இருக்கும்? அழுதுவிட்டேன். வார்டுச் செவிலியர் என் பக்கத்தில் அமர்ந்து, இது முன்பே எதிர்பார்த்ததுதான் என்று சொல்லி, கை கழுவி, கண்ணாடி வைத்து, சிறு குழாயை நானே நுழைத்து நீரை எடுக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுத் தந்தார். மூன்று முறை தவறினேன். நான்காம் முறை சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் அப்படியே செய்தேன். இயல்பாகப் போன பிறகு பையில் மிஞ்சியிருக்கும் அளவை மில்லியில் குறிப்பேட்டில் எழுதுவேன்: 250, 180, 120, பிறகு 60. அறுபதைக் கண்ட அன்று மருத்துவர் குழாயை நிறுத்தச் சொன்னார்.

வார்டில் என்னோடு இருந்த நாத்தனாருக்கும், ஒன்றரை மாதம் ஒரு குடம் தண்ணீரைக்கூட என்னைத் தூக்கவிடாத கணவருக்கும், ஜூனில் பள்ளி திறந்தபோது என் பங்குக் கனத்தையும் சேர்த்துச் சுமந்த சமையலருக்கும் உதவியாளருக்கும் என் வணக்கம். உங்களுக்குத் தனியே எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள்.

கடலூர் – புதுச்சேரி தடத்தில் ஓடும் ஒரு பஸ்ஸின் நடத்துனருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வந்த நாட்களில் ஒரு தடவை கிருமாம்பாக்கம் அருகே என்னால் முடியவில்லை. காரணம் கேட்காமல், பெட்ரோல் பங்க் ஓரம் பஸ்ஸை நிறுத்தச் செய்து, நான் திரும்பி வரும்வரை முணுமுணுத்த பயணிகளைச் சமாதானப்படுத்தினார். அதன் பிறகு என்னைக் கண்டால் முன்பக்க இருக்கையைக் காட்டுவார். தம்பி, நான் இப்போது தயங்காமல் உட்காருகிறேன்.

இருமினாலும் தும்மினாலும் இப்போது கசிவதில்லை. இரவில் மட்டும் சில நாள் அவசரமாக எழ வேண்டியிருக்கிறது. அது வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதற்கும் பயிற்சி நடக்கிறது. கார்த்திகை தீபத்தன்று கோவிலுக்குப் போனேன். தங்கை அந்த மஞ்சள் புடவையைத் திருப்பித் தந்தாள்.

அத்தை இன்றும் மூன்று வேளையும் எண்ணுகிறார். ஏழில் தடுமாறுவதில்லை. என் மூன்று பிள்ளைகளுக்கும் தூளி கட்டியவர் அவர்தான். மருத்துவர் சொன்ன உவமையைச் சொன்னபோது, "முடிச்சு நன்றாகப் போட்டார்களா?" என்று தெளிவாகக் கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நன்றாகப் போட்டிருக்கிறார்கள் அத்தை.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர்,
கடலூர் மாவட்டம்