கை தூக்கிய பிறகு வந்த கோபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நடந்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம்; இன்னும் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, வாழையிலை போட்டு நடத்திய ஆண்டு விருந்தை இனி ஹோட்டலில் வைக்கலாம், ஆளுக்கு 80 வெள்ளி (டாலர்) என்றார் தலைவர். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். முன்வரிசையில் நான்கு கைகள் சட்டென்று எழுந்தன. என் பக்கத்திலிருந்த அண்ணன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யத் தூக்கிய கையை அப்படியே மேலே கொண்டுபோய்விட்டார். நானும் தூக்கினேன். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

பிறகு காப்பிக்கடையில் ஆறு பேர் உட்கார்ந்தோம். தே தாரேக் வருவதற்குள்ளேயே ஒருவர் தொடங்கிவிட்டார்: “வீட்டில் நாலு பேர். 320 வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?” அடுத்தவரும் அதையே சொன்னார். ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஹோட்டலில் விருப்பமே இல்லை. “அப்படியானால் ஏன் கை தூக்கினீர்கள்?” என்று கண்ணாடி அண்ணனைக் கேட்டேன். “நீங்கள் தூக்கினீர்களே!” என்றார்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் செய்த சோதனையைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதன் நீளத்துக்குச் சமம் என்று கேட்பார்கள். சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான பதிலை வரிசையாகச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அந்தத் தவறான பதிலையே தாங்களும் சொன்னார்கள். அவர்களுக்கு 80 வெள்ளி நட்டம் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் உறவோ அண்டை வீட்டாரோ இல்லை. அப்படியிருந்தும் பணிந்தார்கள். கோயில் வாசலில் வாரந்தோறும் முகம் பார்க்க வேண்டிய நாங்கள் எம்மாத்திரம்?

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் பணிவது வெகுவாகக் குறைந்தது. பதிலை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதித் தரச் சொன்னபோதும் அப்படியே.

கூட்டத்துக்குப் பணிவது எப்போதுமே கேடு என்று நான் சொல்லவில்லை. உணவங்காடி நிலையங்களில் தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும் என்ற விதியை 2021 செப்டம்பரிலிருந்து அமல்படுத்தினார்கள். அபராதம் ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரர் தட்டோடு எழும்போது நம்மால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. அங்கே அது நல்லது, செலவும் இல்லை. பணம் கட்டும் முடிவையும் அதே கூச்சத்திடம் விடலாமா?

பொதுத் தேர்தலில் நம்மை மறைப்புக்குப் பின்னால் தனியாக விடுகிறார்கள், யாருக்குப் போட்டோம் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாற்பது பேர் கொண்ட சங்கத்தில் மட்டும் தலைவர் முகத்தைப் பார்த்தபடி கை தூக்க வேண்டியிருக்கிறது. காசு சம்பந்தப்பட்ட தீர்மானங்களுக்காவது நம் சங்கங்கள் துண்டுச்சீட்டுக்கு மாறலாம். நாற்பது சீட்டுகள், ஒரு பழைய பிஸ்கட் டின், எண்ணுவதற்குப் பத்து நிமிடம்.

இதைச் செயலாளரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்று பாராட்டினார். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, கை தூக்கி முடிவுசெய்வோம் என்றார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்